ஹேலோ கைமாறிய பிறகு: புது ஸ்டூடியோக்களிடம் போன தொடர்கள் பற்றி ஒரு புலம்பல் இழை

பச்சைக்கவசம் (சாட்ஸ்வொர்த், டர்பன்) எழுதியது:

எக்ஸ்பாக்ஸின் துப்பாக்கிச் சண்டை கேமான ஹேலோவின் முதல் பாகத்தைப் புதிதாகச் செய்த ரீமேக் வருகிறது என்று இங்கே ஏற்கனவே இரண்டு மூன்று இழைகளில் கொண்டாட்டம் நடக்கிறது. கொண்டாடுங்கள். நான் என் வயிற்றெரிச்சலை இங்கே தனியாகக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு இழையிலும் போய் முணுமுணுப்பேன், நிர்வாகி தூக்கி வெளியே போட்டுவிடுவார்.

முதலில் செய்த பங்ஜி ஸ்டூடியோவிடமிருந்து 343 இண்டஸ்ட்ரீஸ் என்ற ஸ்டூடியோவிடம் போனதும் ஹேலோ கெட்டுப்போனது என்று சொல்கிறவர்கள் கவசத்தின் வடிவம், இசை, கதை என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஐந்தாம் பாகத்தில் மொத்தம் 15 கட்டம், அதில் மூன்றில் மட்டும்தான் தொடரின் நாயகன் மாஸ்டர் சீஃப்பாக ஆட முடியும், மீதி முழுக்க லாக் என்று யாரோ ஒருவன். நியாயமான புகார்தான். ஆனாலும் அதையெல்லாம் நான் விட்டுவிடுவேன். விட முடியாதது ஒன்று உண்டு. ஒரே டிவியைப் பிரித்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவோமே, அந்த ஸ்பிளிட் ஸ்க்ரீனை எடுத்தார்கள் பாருங்கள், அது.

அமெரிக்காவில் இருக்கிறவனிடம் இதைச் சொன்னால் "அதுதான் ஆன்லைன் இருக்கிறதே" என்பான். நம் ஊர்க் கணக்கு வேறு. எக்ஸ்பாக்ஸ் 360 தென்னாப்பிரிக்காவுக்கு 2006-இல் வந்தது. ஆன்லைனில் ஆடுவதற்கான எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை முறையாக வந்தது 2010 நவம்பரில். பங்ஜி செய்த கடைசி ஹேலோவான ரீச் அதே வருஷம் செப்டம்பரிலேயே வெளியாகிவிட்டது. அதாவது பங்ஜியின் காலம் முழுக்க முடிந்த பிறகுதான் நமக்கு ஒழுங்கான ஆன்லைனே கிடைத்தது. வெளிநாட்டு முகவரி கொடுத்துக் கணக்குத் திறந்து ஆடியவர்கள் இருந்தார்கள், தெரியும். எங்கள் வீட்டில் மாதத்துக்கு மூன்று ஜிபி என்று கட்டுப்பாடு போட்ட ஏடிஎஸ்எல் இணையம், அதிலும் அக்காவின் படிப்பு போக மிச்சம்தான் எனக்கு. எங்களுக்கு ஹேலோ என்றால் வரவேற்பறைதான். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டார், பெரியப்பா வீட்டார் எல்லாரும் வந்துவிடுவார்கள், பெரியவர்கள் பின்கட்டில் பிரியாணி வேலையில் இருக்க, நாங்கள் நாலு பேர் ஒரே டிவியில் நாலு கட்டமாக. ஓரக்கண்ணால் அடுத்தவன் கட்டத்தைப் பார்த்து அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பது குற்றம் என்று ஒவ்வொரு வாரமும் பஞ்சாயத்து நடக்கும், எல்லாரும் அதைத்தான் செய்வோம்.

2015 அக்டோபர் கடைசியில் ஐந்தாம் பாகம் வந்தது, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால். பெட்டியைப் பிரித்து இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டுச் சின்னதுகளுக்கு விஷயமே தெரிந்தது. ஜூன் மாதமே அறிவித்துவிட்டார்களாம். கேம் செய்திகளைத் தேடிப் படிக்கிறவனுக்கு அது தெரியும், பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?


பீனிக்ஸ்_பையன் எழுதியது:

அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் ஐந்தாம் பாகத்தில்தான் ஹேலோவுக்குள்ளேயே வந்தேன். அந்த மல்டிபிளேயர் எனக்கு இன்னும் பிடிக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் கொடுக்கத்தான் ஸ்பிளிட் ஸ்க்ரீனை எடுத்தோம் என்று அவர்கள் சொன்னார்கள், கொடுக்கவும் கொடுத்தார்கள். முந்தைய பாகங்கள் எல்லாம் முதலில் வந்தபோது எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் 30-இல்தான் ஓடின. ஒன்றை விட்டால்தான் ஒன்று கிடைக்கும் இல்லையா? பங்ஜி செய்தது எல்லாம் தங்கம், மற்றவன் தொட்டதெல்லாம் தகரம் என்று பெரியவர்கள் பேசும்போது எங்களுக்கு அலுப்பாக இருக்கிறது.


மிட்ராண்ட்_கோடர் எழுதியது:

தம்பி சொன்னதில் பாதி சரி. நான் கேம் துறையில் இல்லை, வங்கி மென்பொருள் எழுதுகிறவன், ஆனால் அடுத்தவர் எழுதிய கோடைத் தலையில் கட்டிக்கொண்டு வாழ்வது எப்படி என்று நன்றாகவே தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

திரையை இரண்டாகப் பிரித்தால் அதே உலகத்தை இரண்டு கண்கள் வழியாக வரைய வேண்டும், இரண்டு பேரும் உலகத்தின் இரண்டு மூலைகளில் நின்றால் இரண்டு மூலைகளும் நினைவகத்தில் இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே இதை மனத்தில் வைத்துக் கட்டினால்தான் நடக்கும், கடைசியில் ஒட்டவைக்க முடியாது. பங்ஜி முதல் நாளிலிருந்தே அப்படிக் கட்டியது. 60 ஃபிரேமுக்காக விட்டுக்கொடுத்தது ஒரு முடிவு, அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் யாருடைய செலவில் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஹேலோ 3, ரீச் காலத்தில் ஆன்லைனில் ஆடினாலும் ஆடுகிறவர்களில் ஒருவருடைய பெட்டியே சர்வராக இருக்கும். டர்பனில் இரண்டு பேர், ஜொகன்னஸ்பர்கில் இரண்டு பேர் சேர்ந்தால் ஆட்டம் நாட்டுக்குள்ளேயே ஓடும், பிங், அதாவது தகவல் போய்வரும் தாமதம், பிரச்சினை இல்லை. ஐந்தாம் பாகத்தில் எல்லாம் மைக்ரோசாஃப்டின் அஸூர் தரவு மையங்களுக்கு மாறியது. ஏமாற்றுக்காரர்களை அடக்க அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் ஜொகன்னஸ்பர்கிலும் கேப் டவுனிலும் அஸூர் மையங்கள் திறந்தது 2019 மார்ச்சில். ஆக 2015-இல் நாம் சுட்ட குண்டு கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போய்த்தான் பக்கத்துத் தெருக்காரன் மேல் பட்டது. நூற்றைம்பது மில்லிசெகண்டுக்கு மேல். பக்கத்தில் உட்கார்ந்து ஆடவும் முடியாது, தூரத்திலிருந்து ஆடவும் முடியாது. இரண்டு கதவையும் ஒரே வருஷத்தில் சாத்திவிட்டார்கள். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. இந்த முனையில் ஆள் இருப்பதே அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்காது, அவ்வளவுதான்.

ஸ்டூடியோ மாறும்போது என்ன தொலைகிறது என்பதைச் சொல்கிறேன். பெயர் வருகிறது, கோட் வருகிறது, ஓவியங்கள் வருகின்றன. ஒரு விஷயத்தை ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற காரணம் வருவதில்லை, அது ஆட்களின் தலையில் இருக்கிறது, ஆட்கள் வரவில்லை. போதாக்குறைக்கு மைக்ரோசாஃப்டில் ஒப்பந்த ஊழியர்கள் 18 மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது என்று ஒரு விதி. ஐந்துக்கு அடுத்த பாகமான இன்ஃபினிட் செய்யும்போது ஒப்பந்தக்காரர்கள் பெருமளவில் இருந்தார்கள், கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான, ஸ்லிப்ஸ்பேஸ் என்ற அவர்களுடைய சொந்த எஞ்ஜினைப் பழகி முடிக்கும்போது கிளம்ப வேண்டிய நாள் வந்துவிடும் என்று அப்போதே செய்திகள் வந்தன. 2024 அக்டோபரில் பெயரையே ஹேலோ ஸ்டூடியோஸ் என்று மாற்றிக்கொண்டு, பலரும் பயன்படுத்தும் அன்ரியல் 5 எஞ்ஜினுக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அன்ரியல் தெரிந்த ஆள் எந்த ஊரிலும் கிடைப்பான்.


மூடுபனி எழுதியது:

ஆட்களின் தலையில் இருப்பதை விடுங்கள், கோடே வராத கதை ஒன்று எங்களிடம் இருக்கிறது. சைலண்ட் ஹில் என்ற திகில் கேம் தொடர்.

முதல் நாலு பாகம், 1999-இலிருந்து 2004 வரை, ஜப்பானின் கொனாமி நிறுவனத்துக்குள் இருந்த டீம் சைலண்ட் என்ற குழு செய்தது. அப்புறம் அந்தக் குழு கலைந்தது. கொனாமி தொடரை வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தது. ஆரிஜின்ஸ் இங்கிலாந்தின் கிளைமாக்ஸுக்கு, ஹோம்கமிங் அமெரிக்காவின் டபுள் ஹீலிக்ஸுக்கு, டவுன்போர் செக் நாட்டின் வாட்ராவுக்கு. ஒவ்வொருவரும் தனக்குப் புரிந்த சைலண்ட் ஹில்லைச் செய்தார்கள். ஹோம்கமிங்கின் நாயகன் தன்னை ராணுவக்காரன் என்று நம்புகிறவன், நன்றாகச் சண்டை போடுகிறான். நன்றாகச் சண்டை போடத் தெரிந்தவனுக்கு எங்கிருந்து பயம் வரும்?

இதில் உச்சம் 2012-இல் வந்த எச்டி தொகுப்பு. இரண்டாம் மூன்றாம் பாகங்களைத் துடைத்து மெருகேற்றிக் கொடுக்க ஹைஜிங்க்ஸ் என்ற ஸ்டூடியோவிடம் விட்டார்கள். கொனாமியிடம் இறுதி வடிவத்தின் கோட் முழுசாக இல்லை, வெளியீட்டுக்கு முந்தைய ஒரு கட்டத்தின் கோடைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் சரிசெய்து முடித்த பிழைகளை இவர்கள் மறுபடி தேடிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பனி மூட்டம் என்பது அந்த விளையாட்டின் உயிர். இந்தத் தொகுப்பில் பல இடங்களில் அது மெலிந்து போய், மறைந்திருக்க வேண்டிய ஏரித் தண்ணீர் பாதியிலேயே அறுந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஸ்டூடியோவைத் திட்டாத ரசிகன் இல்லை, நானும் திட்டினேன். ஆனால் பழைய கோடைப் பத்திரப்படுத்தாதது யார்?

இப்போது பச்சைக்கவசம் அண்ணனுக்கு ஒரு எதிர்ச் சாட்சி. இரண்டாம் பாகத்தின் ரீமேக்கை போலந்தின் ப்ளூபருக்குக் கொடுத்தபோது நாங்கள் எல்லாரும் முன்கூட்டியே ஒப்பாரி வைத்தோம். 2024 அக்டோபரில் வெளிவந்தது. நல்ல கேம். மிக நல்ல கேம். மூலத்தின் இயக்குநர் இல்லை, ஆனால் உருவங்களை வடிவமைத்த மசாஹிரோ இட்டோவும் இசையமைத்த அகிரா யமாவோகாவும் கூட இருந்தார்கள். அதுதான் வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன். கோடர் சொன்ன அந்தக் "காரணம் தெரிந்த தலை" குறைந்தது இரண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தன.


கிங்ஸ்மீட்_புல்மேடு எழுதியது:

நீங்கள் எல்லாரும் அமெரிக்கா, ஜப்பான் என்று அழுகிறீர்கள், இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு யாரும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லையே.

ஈஏ என்ற அமெரிக்க கேம் கம்பெனியின் கிரிக்கெட் 07, 2006 கடைசியில் வந்தது. செய்தது எச்பி ஸ்டூடியோஸ், இருப்பது கனடாவில், நோவா ஸ்கோஷியாவில். கிரிக்கெட் யாரும் ஆடாத இடத்தில் உட்கார்ந்து செய்தார்கள், நாம் இன்னும் அதை விடவில்லை. அத்துடன் ஈஏ தன் கிரிக்கெட் கடையைச் சாத்தியது, அடுத்த பாகமே இல்லை. ஆக எங்களுக்குப் புது ஸ்டூடியோ வந்து கெடுத்த சோகம்கூடக் கிடையாது, வாரிசே இல்லை. ரசிகர்களே ஜெர்சி, அணிப் பட்டியல், மைதானம், மட்டை எல்லாவற்றையும் பேட்ச் போட்டு மாற்றி மாற்றி வருஷக்கணக்காக ஓட்டினார்கள். என்னுடைய மடிக்கணினியில் 07 எஞ்ஜினில் கிரேம் ஸ்மித் ஓய்வு பெற்றார், ஆம்லா ஓய்வு பெற்றார், கேஷவ் மகராஜ் வந்து இன்னும் வீசிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் ஒரே கீபோர்டில் ஆடுவது ஒரு தனி அவஸ்தை, அம்புக்குறிப் பக்கம் யாருக்கு என்று டாஸுக்கு முன்னாலேயே ஒரு டாஸ்.

கோட்மாஸ்டர்ஸ் என்ற வெளியீட்டாளர் பக்கம் வாருங்கள். பிரையன் லாரா பெயரில் 2005, 2007 இரண்டையும் அவர்கள்தான் வெளியிட்டார்கள். 2009-இல் ஆஷஸ் கேமை மெல்போர்னில் இருந்த டிரான்ஸ்மிஷனுக்குக் கொடுத்தார்கள், அதே வருஷம் அந்த ஸ்டூடியோ மூடிற்று. அடுத்தது டிரிக்ஸ்டார், அதுவும் மெல்போர்ன். 2010-இல் ஒன்று செய்தார்கள், பரவாயில்லை. அப்புறம் 505 கேம்ஸ் என்ற வெளியீட்டாளருக்காக ஆஷஸ் கிரிக்கெட் 2013. வருஷ நடுவில் வரவேண்டியது தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நவம்பரில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வந்தது. வந்து சில நாளிலேயே விற்பனையை நிறுத்திக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பந்து ஒரு பக்கம், ஃபீல்டர் ஒரு பக்கம் ஓடும் அந்த வீடியோக்களைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள், மனசு சரியில்லாத நாளில் உதவும்.

ஐந்து மாதம் கழித்து அதே மெல்போர்னிலிருந்து பிக் ஆண்ட் வந்தார்கள், டான் பிராட்மன் கிரிக்கெட் 14. யாருடைய தொடரையும் அவர்கள் வாங்கவில்லை. ரக்பி லீக், ஆஸ்திரேலிய ஃபுட்பால் கேம் செய்துகொண்டிருந்தவர்கள், காலி மனையில் தாங்களே அஸ்திவாரம் போட்டார்கள். மட்டை வீச இரண்டு குச்சியையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை, ஒரே ஒரு வீரனாக அறிமுகமாகி மேலே வரும் முறை, ஆட்டக்காரர்களை நாமே உருவாக்கி எல்லாரோடும் பகிர்ந்துகொள்ளும் வசதி. முதல் நாள் முழுக்க நான் டக் அவுட். ஆனால் அது கிரிக்கெட்.

என் கருத்து: பழைய பெயரை வாங்கிக்கொண்டு வருகிறவனைவிட, பெயர் இல்லாமல் வருகிறவன் மேல். அவனிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை, அவனும் எதையும் கெடுக்க முடியாது.


டோங்காட்_அக்கா எழுதியது:

தம்பிமாரே, நான் கோல்டன் சைனா என்ற நகல் கேம் பெட்டியின் காலத்து ஆள். டீரூம் என்கிற தெருமுனைக் கடையின் மூலையில் சில்லறை போட்டு நின்றுகொண்டே ஆடியவள். அப்போதெல்லாம் எந்த கேமை யார் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. ஒரு கார்ட்ரிட்ஜில் நூறு கேம் என்று போட்டிருக்கும், பாதி ஒரே கேம் வேறு பெயரில். அது போகட்டும்.

நீங்கள் எல்லாரும் ஸ்டூடியோவைத் திட்டுகிறீர்கள். எனக்கு என்னவோ திட்டு வாங்க வேண்டியவர் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று படுகிறது. ஹேலோ மைக்ரோசாஃப்டின் சொத்து. பங்ஜி 2007-இலேயே தனியாகப் போகிறோம் என்று கிளம்பிவிட்டது, அவர்களுக்கே ஹேலோ போதும் போதும் என்று ஆகிவிட்டது. யாரும் துரத்தவில்லை. போனவர்கள் டெஸ்டினி செய்தார்கள். டெஸ்டினி 2-இல் காசு கொடுத்து வாங்கிய கதைக் கட்டங்களையே 2020-இல் எடுத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டார்கள், ஆட விருப்பம் இருந்தாலும் ஆட முடியாது. அதைச் செய்தது 343 இல்லை, உங்கள் பங்ஜிதான். பழைய கை என்றால் நல்ல கை என்று யார் சொன்னது?

அதேபோல ஃபால்அவுட். அதை வளர்த்த பிளாக் ஐல் ஸ்டூடியோ போனது, பெதஸ்டா வாங்கியது, மூன்றாம் பாகம் 2008. பழைய ரசிகர்கள் செத்துப்போன மாதிரி அழுதார்கள். இரண்டு வருஷத்தில் நியூ வேகஸ், செய்தது அப்சிடியன், அதில் பழைய பிளாக் ஐல் ஆட்கள். ஒன்றரை வருஷம்தான் அவகாசம், பிழைகளோடு வெளிவந்தது, ஆனாலும் என்ன எழுத்து! ஆனால் யோசித்துப் பாருங்கள், பெதஸ்டா வாங்கி மூன்றைச் செய்யாவிட்டால் நியூ வேகஸ் எங்கிருந்து வந்திருக்கும்?


பீனிக்ஸ்_பையன் எழுதியது:

அக்கா 👏 இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்கு எழுத வரவில்லை.


மிட்ராண்ட்_கோடர் எழுதியது:

அக்கா சொன்ன "வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பவர்" விஷயத்துக்கு என் பங்குக்கு ஒன்று: கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோ சிட்டியில் ஸ்குவாட் என்ற சின்னக் கம்பெனியில் பிறந்த ராக்கெட் கேம், 2015-இல் 1.0. டேக்-டூ என்ற பெரிய வெளியீட்டாளர் 2017-இல் வாங்கியது. இரண்டாம் பாகத்தை ஸ்டார் தியரி என்ற ஸ்டூடியோவிடம் கொடுத்து, பாதி வழியில் ஒப்பந்தத்தை முறித்து, புதிதாக இன்டர்செப்ட் என்று ஒரு ஸ்டூடியோ திறந்து, அங்கிருந்த ஆட்களையே கூப்பிட்டுக்கொண்டது. ஒரு கேம் வெளிவருவதற்கு முன்னாலேயே ஸ்டூடியோ மாறிற்று. 2023 பிப்ரவரியில் ஐம்பது டாலருக்கு அரைவேக்காடாக விற்றார்கள், முதல் பாகத்தில் இருந்தவையே பல அதில் இல்லை. 2024-இல் இன்டர்செப்டையும் மூடினார்கள். ஸ்டீமில் இன்னும் கிடக்கிறது. அந்த நிரலாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிங்ஸ்மீட் அண்ணே, காலி மனை பற்றி நீங்கள் சொன்னது சரி, ஆனால் எல்லா வகைக்கும் பொருந்தாது. கிரிக்கெட் யாருக்கும் சொந்தமில்லை, மாஸ்டர் சீஃப் ஒருவருக்குத்தான் சொந்தம்.


பச்சைக்கவசம் எழுதியது:

அக்கா, டெஸ்டினி விஷயத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். பங்ஜிக்குக் கோயில் கட்ட நான் வரவில்லை.

என் வழக்கு சின்னது, ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி மேலே இருப்பவர் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. ஏனென்றால் நடுவில் ஒரு வாக்குறுதி இருக்கிறது. ஐந்தாம் பாகத்துக்குக் கிடைத்த அடியைப் பார்த்து, 2017 தொடக்கத்தில் 343-இன் தலைவராக இருந்த பானி ராஸ் ஒரு மேடையில் வெளிப்படையாகச் சொன்னார்: ஸ்பிளிட் ஸ்க்ரீனை எடுத்தது வலித்தது, நம்பிக்கையைக் கெடுத்தது, இனி வரும் ஒவ்வொரு ஹேலோ ஷூட்டரிலும் அது இருக்கும் என்று. நான் நம்பினேன். இன்ஃபினிட் 2021 டிசம்பரில் வந்தது. மல்டிபிளேயரில் திரை பிரிந்தது, சரி. கதையில் கூட்டாக ஆடும் வசதி பிறகு வரும் என்றார்கள். 2022 செப்டம்பரில், ஒரே டிவியில் கூட்டாகக் கதை ஆடும் வசதியை ரத்து செய்கிறோம், ஆட்களை வேறு வேலைக்குத் திருப்புகிறோம் என்று ஒரு வீடியோ. நவம்பரில் வந்தது ஆன்லைன் கூட்டாட்டம் மட்டும்.

வேடிக்கை இனிமேல்தான். மெனுவில் ஏதோ ஒரு தந்திரம் செய்தால் அந்த வசதி கதையிலும் திறந்துகொள்கிறது என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். நாங்களும் செய்து பார்த்தோம். ஓடுகிறது! ஆங்காங்கே தடுமாறுகிறது, ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து அந்தத் திறந்த உலகத்தில் வண்டி ஓட்டலாம். முக்கால்வாசி முடிந்திருந்த வேலையைத்தான் மூடிவைத்தார்கள். முடியாது என்று சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். முடியும், ஆனால் எங்கள் பட்டியலில் நீங்கள் கீழே இருக்கிறீர்கள் என்றல்லவா அதற்கு அர்த்தம்.

அதிலும் அந்த மாதங்கள் நினைவிருக்கிறதா? 2022, 2023 மின்வெட்டு. ஒரு நாளில் மூன்று முறை கரண்ட் போகும். இன்வெர்ட்டர் வைத்திருக்கிறவன் வீட்டில் டிவியும் பெட்டியும் ஓடும், ஆனால் தெருவுக்கு வரும் ஃபைபரின் பெட்டிக்குப் பேட்டரி இல்லாவிட்டால் இணையம் கிடையாது. அந்த நேரத்தில் ஆடக் கிடைப்பது பக்கத்தில் இருக்கிறவனோடு மட்டும்தான். நாங்கள் பழைய 360-ஐ எடுத்து ரீச் போட்டோம். என்னைவிட வயதில் குறைந்த தம்பிமார் சிலர் முதல்முறையாகப் பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியது அப்போதுதான்.


ரோஸ்ஹில்_வாசி எழுதியது:

மொரீஷியஸிலிருந்து ஒரு கை தூக்குகிறேன். உங்களுக்காவது 2019-இல் ஜொகன்னஸ்பர்கில் சர்வர் வந்தது, எங்களுக்கு அதுவே இன்னும் பக்கத்து ஊர். சேஃப் என்ற கடலடி இணையக் கேபிள் எங்கள் பே ஜாக்கோடே கரையிலிருந்து ரியூனியன் வழியாக உங்கள் முட்டுன்சினியில் போய் ஏறுகிறது, ஆனால் பல கேம்கள் எங்களை ஐரோப்பா என்று கணக்குப் போட்டு அங்கே தூக்கி எறிந்துவிடும். எந்த வட்டாரத்தில் ஆடுவது என்று நாமே தேர்ந்தெடுக்க ஒரு மெனு வைத்தால் போதும். எந்தப் புது ஸ்டூடியோ வந்தாலும் முதலில் எடுப்பது அந்த மெனுவைத்தான், "தானாகவே நல்லதைத் தேர்ந்தெடுப்போம்" என்று சொல்லிக்கொண்டு.

மற்றபடி ரசிகர்கள் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டும் என்றும் இல்லை. காப்காம் தன் டெவில் மே க்ரை தொடரை நிஞ்ஜா தியரி என்ற ஸ்டூடியோவிடம் கொடுத்தபோது நாயகன் தலைமுடி வெள்ளையிலிருந்து கறுப்பாக மாறியதற்கு நடந்த கலவரம் தெரியும் அல்லவா? 2013-இல் ஆடிப் பார்த்தால் நல்ல சண்டை, அழகான உலகம். விற்பனை சுமார், அடுத்த பாகத்தைக் காப்காம் தன் வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டது. தலைமுடியால் தொடரை இழந்த ஸ்டூடியோ அது.


மூடுபனி எழுதியது:

ரோஸ்ஹில், தலைமுடி மட்டும் இல்லை, அந்த கேமே பழைய நாயகனை ஒரு காட்சியில் கிண்டல் செய்தது, வெள்ளை விக் தலையில் விழும், கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தட்டிவிடுவான். வாங்க வந்தவனையே கேலி செய்தால்? புதுசாக வருகிறவன் பழைய வீட்டுக்காரனை மதிக்கிறானா என்பது இந்த மாதிரிச் சின்ன இடத்தில்தான் தெரியும்.


ரோஸ்ஹில்_வாசி எழுதியது:

எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. சரி, அதற்குத் தனி இழை போடுவோம்.


டோங்காட்_அக்கா எழுதியது:

பச்சைக்கவசம் தம்பி, வாக்குறுதி விஷயம் எனக்குத் தெரியாது, அது தப்புத்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்போது ஒரு உதவி. என் அக்காவின் பேரன்கள் இரண்டு பேர், ஒன்பதும் பதினொன்றும், தீபாவளிக்கு வருகிறார்கள். வீட்டில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே டிவியில் ஆட எதை வாங்க? இந்த ரீமேக்கில் அந்த வசதி உண்டா?


மிட்ராண்ட்_கோடர் எழுதியது:

உண்டு என்றுதான் அறிவித்திருக்கிறார்கள் அக்கா. கன்சோலில் இரண்டு பேருக்கு ஸ்பிளிட் ஸ்க்ரீன், ஆன்லைனில் நாலு பேர் வரை கூட்டாட்டம். ஆனால் அதில் கதை மட்டும்தான், ஒருவரையொருவர் சுடும் மல்டிபிளேயர் கிடையாது. பையன்கள் அண்ணன் தம்பி என்றால் அது நல்லதுக்கே.


பச்சைக்கவசம் எழுதியது:

அறிவிப்பை நம்பி நான் ஒருதரம் ஏமாந்தாயிற்று. அக்கா, மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் வாங்குங்கள். 2014-இல் வந்தபோது ஆன்லைனில் ஆட்டமே சேராது, அவ்வளவு மோசம், சமாதானமாக ஒரு மாத லைவ் சந்தாவும் ஓடிஎஸ்டி என்ற கிளைப் பாகமும் இலவசமாகக் கொடுத்தார்கள். 2018-இல் அதே 343 உட்கார்ந்து ஒழுங்காகச் சரிசெய்தது, இதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது ஒன்று முதல் நாலு வரை, ரீச், ஓடிஎஸ்டி எல்லாம் ஒரே பெட்டிக்குள். கதை இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், மல்டிபிளேயர் நாலு பேர் வரை. கன்சோலில் மட்டும், ஞாபகம் வையுங்கள், கணினிப் பதிப்பில் ஸ்பிளிட் ஸ்க்ரீன் கிடையாது. இரண்டாவது கன்ட்ரோலர் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலராக இருந்தாலும் வேலை செய்யும், புதுசு வாங்கக் காசைக் கரைக்க வேண்டாம். வயதுக்கு ஏற்றதா என்று அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.


கிங்ஸ்மீட்_புல்மேடு எழுதியது:

கிரிக்கெட் 24-இலும் ஒரே டிவியில் இரண்டு பேர் ஆடலாம் அக்கா. துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை.


டோங்காட்_அக்கா எழுதியது:

கிரிக்கெட் வேண்டாம் தம்பி. அவுட்டா இல்லையா என்று அவர்கள் தாத்தாவும் அப்பாவும் போடும் சண்டையே வீட்டுக்குப் போதும். கலெக்‌ஷனையே வாங்குகிறேன்.